ரிப்பனுக்கு மேலே நின்ற அக்கா

அந்தப் பொம்மையை நாங்கள் எந்தப் படியில் வைத்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு புரட்டாசியிலும் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கும்போது இந்தக் கேள்வியும் கூடவே இறங்கி வருகிறது. பழந்துணியில் சுற்றியிருக்கும் பொம்மைகளைப் பிரிக்கையில் அது கைக்கு வந்தால் சற்று நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன். காகிதக் கூழில் செய்த பொம்மை. மூக்கு கொஞ்சம் கோணல். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டுத் துணி புடவையாகச் சுற்றியிருக்கும். நிஜப் புடவை ஒன்றிலிருந்து வெட்டிய துண்டு அது. எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, வாசல் தெளிக்கிற அக்காவின் உருவம். என் மகளும் அவள் தோழியும் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது செய்தார்கள். மகள் இப்போது பிளஸ் டூ.

நாங்கள் இருப்பது திருவனந்தபுரம் வலியசாலையில். வீடுகள் ஒன்றின் சுவரை ஒன்று பகிர்ந்துகொண்டு நிற்கிற தெரு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். பதினெட்டு வயதில் கல்யாணமாகி இங்கே வந்தேன். அடுத்த வருஷமே மகள். அவளை மடியில் போட்டுக்கொண்டு பி.ஏ.வைத் தபாலில் படித்து முடித்தேன். அதனால் தெருவில் எனக்குப் படித்த மாட்டுப்பெண் என்று பெயர். படிப்பு எனக்கு எந்தத் தைரியத்தையும் தரவில்லை. ஒரு காரியம் செய்வதற்கு முன்னால் மாமியார் என்ன நினைப்பார், எதிர்வீட்டு மாமி என்ன சொல்வார், குழந்தைக்கு அது நல்லதா என்று மூன்று பக்கமும் பார்ப்பேன். செய்து முடித்த பிறகும் மனசு அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

அந்த வருஷம் மகளின் பள்ளிக்கூடத்தில் சமூகப் பாடம் எடுத்த டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். குறைந்தபட்சக் கூலியைப் பற்றிப் பத்திரிகைகளில் அப்போது வாதம் நடந்துகொண்டிருந்தது. எந்தெந்தத் தொழிலுக்கு அரசாங்கம் கூலி நிர்ணயிக்க வேண்டும், கூலி கூடினால் சின்னக் கடைகள் தாங்குமா, உள்ள வேலையும் போய்விடாதா என்றெல்லாம். இதைப் புத்தகம் பார்த்து எழுதிவர வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். உங்கள் தெருவில் கூலிக்கு வேலை செய்கிறவர்களிடமே போய்க் கேளுங்கள். கேட்டதைக் கட்டுரையாக எழுதாமல் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள். பூஜை லீவு முடிந்து வரும்போது கொண்டுவாருங்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது.

எனக்குப் பயமாக இருந்தது. ஊரார் சம்பளத்தை ஒரு பெண்குழந்தை போய் விசாரிப்பதா? என் கணவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய சம்பளமே எனக்குச் சுமாராகத்தான் தெரியும்.

அவரும் சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து, "இதெல்லாம் கேக்கப் போனா அடிக்க வருவா," என்றார்.

மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு டி.ஏ. கூட்டறது யாரு?"

"கவர்ன்மென்ட்."

"எதுக்குக் கூட்டறா?"

"விலைவாசி ஏறறதோல்லியோ?"

"அரிசி விலை நமக்கு மட்டுமா ஏறறது?"

அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதையே மகள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள்.

அவளோடு சேர்ந்துகொண்டவள் வகுப்புத் தோழி. தோழியின் அப்பா சாலைக் கடைத்தெருவில் லாரியிலிருந்து சாக்கு இறக்குகிற சுமட்டுத் தொழிலாளி. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். அந்தப் பெண் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பாள். அவள் அப்பாவை எல்லாரும் அறிவார்கள் என்பதால் கடைத்தெருவில் இவர்களை யாரும் விரட்டவில்லை. துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண், ஓட்டலில் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிறவர், கட்டட வேலைக்குத் தெற்கே இருந்து வந்தவர், கோவில் வாசலில் பூக் கட்டுகிறவர் எல்லாரிடமும் பேசினார்கள். சம்பளம் எவ்வளவு என்று எடுத்த எடுப்பில் கேட்கவில்லை. இன்று கிடைக்கிற கூலியில் வீட்டுக்கு என்னென்ன வாங்கிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டார்கள். அது யாருடைய யோசனை என்று தெரியாது, ஆனால் அப்படிக் கேட்டதும் ஆட்கள் தாராளமாகப் பேசினார்களாம். அரிசி, மத்தி மீன், மண்ணெண்ணெய், பஸ்ஸுக்கு, வாடகைக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பது. துணிக்கடைப் பெண் மட்டும், "முதல்ல ஒரு ஸ்டூல் வாங்குவேன்," என்று சொல்லிச் சிரித்தாளாம்.

கொலுவாக வைக்கலாம் என்றது என் மகள். கூலி கூடக் கூட மேல்படி. குறையக் குறையக் கீழ்ப்படி. நடுவில் ஒரு சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்கு மேலே நிற்பவர்களின் கூலியில் ஒரு குடும்பம் ஒரு நாளைத் தள்ள முடியும். கீழே நிற்பவர்களுக்கு முடியாது.

எங்கள் வீட்டில் பெரிய கொலுவுக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கென்று கொஞ்சம் இடம் விடுவது வழக்கம். மணல் கொட்டி, கடுகு முளைக்க வைத்து, உடைந்த கண்ணாடியைக் குளமாக்கி 'பார்க்' வைப்பார்கள். அந்த இடத்தைத்தான் மகள் கேட்டாள். மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"பார்க்குல ஆனை வச்சா, ரயில் வச்சா. இப்போ கூலிக்காராளும் வந்து நிக்கப்போறாளாக்கும்?"

"செட்டியார் பொம்மை வைக்கறேளே பாட்டி. அவர் என்ன சாமியா? கடைதானே வச்சிருக்கார்?"

மாமியார் இறங்கி வந்தார். "செரி, வை. ஆனா ஒண்ணு. வச்சா வச்சதுதான். விஜயதசமி வரைக்கும் ஒண்ணை எடுக்கப்படாது, ஒண்ணை நகத்தப்படாது. புதுசா வேணும்னா கொண்டுவந்து வச்சுக்கோ."

எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். பொம்மையை வைத்துப் பூஜை தொடங்கிவிட்டால் அது அந்த இடத்துக்குச் சொந்தம். கை தவறிச் சாய்ந்தால்கூட நிமிர்த்துவதற்கு முன்னால் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். கிள்ளியாற்றங்கரையில் ஓர் அறையில் குடியிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். ஆனாலும் அவருக்கு நான் 'சின்ன மாமி', மாமியார் 'பெரிய மாமி'. நான் அவரை அக்கா என்பேன். எங்கள் தெருவில் ஏழு வீட்டில் வேலை. விடிவதற்கு முன் ஒரு வீட்டில் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்தில் தெருக்கோடி மாடிவீட்டில் முடிப்பார். அந்த வீட்டில் மாடிக்குக் குழாய் இல்லை. கிணற்றில் இறைத்துக் குடத்தோடு படியேற வேண்டும். முழங்கால் வலி அவருக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

நவராத்திரிக்குச் சில நாள் முன்னால் என்னிடம் சொன்னார்: "சின்ன மாமி, ஒரு காரியம். முட்டி மடக்க முடியல. ஏழு வீட்டுலயும் சம்பளத்தக் கொஞ்சம் கூட்டித் தந்தாகன்னா அந்த மாடிவீட்ட விட்டுரலாம்னு பாக்கேன். எல்லார்ட்டயும் கேட்டிருக்கேன். பெரிய மாமிகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

மற்ற வீடுகளில் யோசித்துச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம், மற்ற வீடு என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பது. நானும் நவராத்திரி கழியட்டும் என்று இருந்தேன்.

பொம்மைகள் தயாராகிக்கொண்டிருந்தன. பழைய பேப்பரை ஊறவைத்து, அரைத்து, மைதாப் பசை கலந்து, கம்பியில் அப்பி, கொல்லையில் காய வைத்தார்கள். ஐப்பசியில் வர வேண்டிய துலாமழை வேறு அந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. அடுப்பு மேடையெல்லாம் கைகால்கள் காய்ந்துகொண்டிருந்தன. மாமியார் ஒரு கையை எடுத்து வடாம் என்று நினைத்து டப்பாவில் போட்டுவிட்டார்.

பலகையும் செங்கல்லும் கொடுப்பதற்காகத் தோழியின் அப்பா ஒரு நாள் வந்தார். வாசலிலேயே நின்று தன் பொம்மையை வாங்கிப் பார்த்தார். "மீசை கொஞ்சம் கூடுதலாக்கும்," என்றார். மகள் அவரிடம் கேட்டாள், உங்கள் கூலி மட்டும் எப்படி ரிப்பனுக்கு மேலே வந்தது என்று.

"நமக்கு ரேட் உண்டு மோளே. இன்ன சாக்குக்கு இன்ன ரேட். எழுதி வச்சிருக்கு. பேரம் பேசண்டா, யார்கிட்டயும் போய்க் கெஞ்சண்டா."

"அதனால வேலை குறையலையா மாமா?"

"கொறஞ்சதும் உண்டு. சில கடைக்காரன்மார் தள்ளுவண்டி வாங்கிட்டாங்க. அதும் சொல்லணும்லா."

கடைசியில் அக்காவின் பொம்மைதான் பாக்கி. அதை எங்கே வைப்பது என்பதில் தோழிகளுக்குள் சண்டை வந்துவிட்டது. ஒரு வீட்டுச் சம்பளத்தை எடுத்துக்கொண்டால் கடைசிப் படிக்கும் கீழே. ஏழு வீட்டையும் கூட்டினால் ரிப்பனைத் தாண்டி மேலே ஏறிவிடுகிறது. கூட்டித்தான் வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோவதுதானே கணக்கு என்றாள் என் மகள்.

"அது ஷெரியாவாது," என்றாள் தோழி. "எங்க அப்பாக்கு எட்டு மணி நேரம் ஜோலி. அக்காக்கு எத்தற மணிக்கூர்? அதக் கூட்டாண்டாமா?"

"அப்படிப் பார்த்தா எல்லாரையும் மாத்தி வைக்கணும்டி."

"மாத்தி வைப்போம். பின்னே?"

நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் சரியாகவே பட்டது. அதுதான் என் சங்கடம். எனக்கு எப்போதும் இரண்டும் சரியாகவே படும். கடைசியில் மகள், அக்காவையே கேட்போம் என்றாள். அக்கா முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். படிகளையும் ரிப்பனையும் எட்டிப் பார்த்தார். இவர் யார், அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"என்னைய அந்தச் சுமடு எடுக்கவரு பக்கத்துல வையி பாப்பா. அவரு ஒரு நேரத்துல ஒரு சாக்குதான் சுமக்காரு. நான் ஏழு வீட்டச் சுமக்கேன்."

குழந்தைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் சொன்னார்: "நாலு பேரு வந்து பாக்குற எடம். அங்க போயி என்னைய தரையில ஒக்கார வைக்காத."

அதோடு வாதம் முடிந்தது. தன்னுடைய பழைய கத்தரிப்பூப் புடவையை மறுநாள் அவரே கொண்டுவந்து கொடுத்தார். பொம்மை ரிப்பனுக்கு மேலே, மீசைக்காரருக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. மாமியார் கற்பூரம் காட்டினார். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. வேலைக்கு வந்ததும் அக்கா கூடத்துக் கதவோரம் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் விளக்குமாறை எடுப்பார்.

முதல் இரண்டு நாள் வந்தவர்கள் பெரிய கொலுவைப் பார்த்துவிட்டு, பாடிவிட்டு, சுண்டலோடு போனார்கள். மூன்றாம் நாள் எதிர்வீட்டு மாமி வந்தார். எதையும் நின்று பார்க்கிறவர்.

"இந்த ரிப்பன் எதுக்காக்கும்?"

மகள் பெருமையோடு விளக்கினாள். மேலே இருந்தால் குடும்பம் நடத்தப் போதும், கீழே இருந்தால் போதாது.

மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "அல்லே, நம்ம தெருவுல வேலை செய்யறவளாக்கும் இது. அதே புடவை. இவ மேலயா இருக்கா? அப்போ போதும்னுதானே அர்த்தம். பின்னே எதுக்கு எல்லாராத்துலயும் கூட்டிக் கேக்கறா?"

மகள் வாயைத் திறந்தாள். "ஏழு வீட்டையும் கூட்டினாத்தான், மாமி," என்று சொல்வதற்குள் மாமி என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நன்னாத்தான் கணக்குப் போட்டிருக்கு உன் பொண்ணு. நான் யோசிச்சிண்டே இருந்தேன், கேட்டியா? இனி யோசிக்க வேண்டாம்."

சுண்டலை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாளுக்குள் அது தெரு முழுக்கப் பரவியிருந்தது. கெட்ட மனசோடு பரப்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. குழந்தை போட்ட கணக்கு என்பதால் எல்லாரும் நம்பினார்கள்.

மறுநாள் சமையலறைக் கதவோரம் அக்கா நின்றார். "சின்ன மாமி, எல்லா வீட்டுலயும் ஒண்ணு போலச் சொல்லுதாக. ஒனக்குத்தான் தாராளமா வருதே, பொம்மையே சொல்லுதேங்காக. பாப்பாகிட்டச் சொல்லி என்னைய கொஞ்சம் கீழ எறக்கி வைக்க முடியுமா? ரிப்பனுக்குக் கீழ போதும்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். மேலே வை என்று கேட்டவரும் அவர்தான் என்பது எங்கள் இருவருக்குமே ஞாபகம் இருந்தது. 

மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அக்காமேல் கோபம் ஒன்றும் இல்லை, இரக்கம்தான். ஆனாலும் தலையை ஆட்டினார். "பாவமாத்தான் இருக்கு. அதுக்குன்னு வச்ச பொம்மையை எறக்கறதா? நம்மாத்துல செஞ்சதே இல்லை. ஏதாவது ஆச்சுன்னா ஆயுசுக்கும் மனசு கெடந்து அடிச்சுக்கும்."

ஏதாவது ஆச்சு என்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. மகளுக்கு ஜுரம் வந்தால்கூட இதனால்தானோ என்று முதலில் நினைக்கிறவள் நான்தான். யாரும் இல்லாத நேரத்தில் கூடத்துக்குப் போய் அந்தப் பொம்மையின் முன்னால் நின்றேன். புடவைத் தலைப்பு பட்டு விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். கை அருகில் வரைக்கும் போனது. தொடவில்லை. பயமா பக்தியா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெரிய படிகளில் வரிசையாக இருந்த தெய்வங்களைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

நாங்கள் பேசியதை மகள் கேட்டிருக்கிறாள்.  தோழியைக் கூட்டிக்கொண்டு வந்து கொல்லையில் மறுபடியும் பேப்பரை ஊறவைத்தாள். என்னடி என்றால், "பாட்டிதான் புதுசு வைக்கலாம்னு சொன்னாளே," என்றாள். கத்தரிப்பூப் புடவையில் மிச்சமிருந்த துணி முழுவதும் தீர்ந்தது.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் கடைசிப் படியிலும் அதற்குக் கீழே தரையிலும் ஏழு சின்னப் பொம்மைகள் வந்து சேர்ந்தன. எல்லாம் அக்கா. எல்லாருக்கும் அதே புடவை, அதே கோணல் மூக்கு. ஒருத்தி துவைக்கிற கல்லின் முன்னால். ஒருத்தி ஆட்டுக்கல்லில். ஒருத்தி இடுப்பில் குடத்தோடு ஒரு காலைத் தீப்பெட்டிப் படியில் வைத்துக்கொண்டு. ஒருத்தி படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு மாமாவின் விரிப்பைப் பிழிந்துகொண்டு. ஒருத்தி குத்துவிளக்கைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் வீடு. எந்த வீட்டின் பேரும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அன்று சாயங்காலம் மாமிகள் வந்து குனிந்து பார்த்த கோலம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எதிர்வீட்டு மாமிதான் முதலில் பேசினார்.

"தோய்க்கற கல்லுல நிக்கறது நம்மாத்துதாக்கும். கல்லு ஒடைஞ்ச மூலையைக்கூட விடலையே இந்தக் குட்டி." பிறகு மேலே பார்த்தார். "அதென்னடி, மேலயும் அவ, கீழயும் அவளா? எதாக்கும் நெஜம்?"

"மேல நிக்கறது வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற அக்கா, மாமி. கீழ இருக்கறவா பகல்ல நம்மாத்துக்கெல்லாம் வர்ற அக்கா. இந்த ஏழு பேரும் சேர்ந்தாத்தான் அந்த ஒருத்தி."

மாமி மறுபடியும் குனிந்து ஏழையும் விரலால் எண்ணினார். மாடிவீட்டு மாமி மட்டும் அந்தக் குடப் பொம்மையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு கஷ்டப்பட்டா ஏர்றா?" என்று தனக்குள் சொல்வதுபோலக் கேட்டார். அவர் வீட்டு மாடிப்படிக்கு அவர் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். பார்த்திருக்க வாய்ப்பில்லை.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்து முடித்ததும் கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். அதன் பிறகுதான் கொலுவைக் கலைக்கலாம். வழக்கமாக மரப்பாச்சியைப் படுக்க வைப்போம். அந்த வருஷம் மாமியார் குழந்தைகளின் படிகளுக்கு முன்னால் வந்து நின்று, "இதுல எதைடி படுக்க வைக்கறது? எட்டு பேர்னா இருக்கா," என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே மேல்படிப் பொம்மையை எடுத்துப் படுக்க வைத்தார். அப்புறம் கீழே இருந்த ஏழையும். குடத்தோடு இருந்தவளைப் படுக்கவைக்க முடியவில்லை, குடம் இடித்தது. பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். அக்காவுக்கு எப்போதும் பாத்திரத்தில்தான் சுண்டல் போகும். அன்று வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு தட்டை என் கையில் கொடுத்து, "அவளைக் கூடத்துக்குக் கூப்ட்டுக் குடு," என்றார். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து வாங்கிக்கொண்டார்.

லீவு முடிந்து பொம்மைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். வகுப்பில் பெரிய வாக்குவாதமாம். தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் பெண், கூலியைக் கூட்டினால் எங்கள் கடையில் ஒரு அக்காவை அனுப்ப வேண்டிவரும் என்று அழுதேவிட்டாளாம். டீச்சர் யார் சரி என்று சொல்லவில்லை என்று மகளுக்கு வருத்தம்.

யார் சரி என்று எங்கள் தெருவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாசத்திலிருந்தே கூட்டிக் கொடுத்தோம். நான் கேட்பதற்குள் மாமியாரே சொல்லிவிட்டார். வேறு இரண்டு வீட்டிலும் கூட்டினார்கள். இரண்டு வீட்டில் பழையபடியே இருந்தது. எதிர்வீட்டில் தீபாவளிக்கு வாஷிங் மெஷின் வந்தது. "அவ முட்டுக்கும் நல்லதுதானே," என்று மாமி என்னிடம் சொன்னார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். அக்காவுக்கு ஒரு வீடு போயிற்று. பொம்மை இல்லாவிட்டாலும் மெஷின் வந்திருக்குமா? வந்திருக்கும் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு நிச்சயமில்லை.

எல்லாரையும்விட அதிகமாகக் கூட்டிக் கொடுத்தது மாடிவீட்டு மாமிதான். அந்தப் படியைவிட்டு இறங்குவதற்காகத்தான் அக்கா எல்லாரிடமும் கூட்டிக் கேட்டார். கடைசியில் அந்த வீட்டிலேயே கூட்டிக் கொடுத்ததால் அதைத்தான் விட முடியாமல் போயிற்று. "என்ன செய்ய சின்ன மாமி. குடுக்க எடத்தயா விட முடியும்?" என்று சிரித்தார். குடத்தை மட்டும் பாதி நிறைத்து இரண்டு தடவையாகக் கொண்டுபோகப் பழகிக்கொண்டார். ஏறுகிற படிகள் இரட்டிப்பாயின.

இதெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவிலும் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரு முழுக்க ஒரே ரேட் நிர்ணயித்து எழுதி ஒட்டிவிடலாம் என்று பேச்சு. தொகையைச் சொல்ல மூன்று பேர் கொண்ட குழு. அதில் என்னைப் போட்டிருக்கிறார்கள். படித்தவள், போதாததற்கு அந்தக் கொலு வைத்த வீடு. நவராத்திரி முடிந்ததும் கூட்டம்.

மகளிடம் கேட்டேன். "மணிக்கணக்குப் போடும்மா. அன்னிக்கு அவ சொன்னதுதான் சரி," என்றாள். அந்தத் தோழி இன்றும் அவளுக்குத் தோழி. தோழியின் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது, எழுதி ஒட்டுங்கள், எழுதாத ரேட் ரேட்டே இல்லை என்றார்.

அக்காவிடமும் கேட்டேன். இப்போது அவருக்கு நான்கு வீடுதான். மாடிவீடு இன்னும் அதில் இருக்கிறது. விளக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"எழுதி ஒட்டிட்டீகன்னா கொறச்சுக் குடுக்கவுக கூட்டுவாக, அது நெசம். கூட்டிக் குடுக்கவுக எறக்கிருவாகளே சின்ன மாமி. மாடிவீட்டுல ஒங்க போர்டத்தான் காட்டுவாக. அந்தப் படிக்கும் போர்டுல ஒரு ரேட்டு போடுவீகளா?"

 எழுதாவிட்டால், புதிதாக வருகிற இளம்பெண்கள் வாசல் வாசலாக நின்று, யோசித்துச் சொல்கிறோம் என்ற பதிலையே வாங்கிக்கொண்டு போவார்கள். எழுதினால், குறைந்தது இவ்வளவு என்று நான் சொல்வதையே தெரு அதிகபட்சம் இவ்வளவு என்று படித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்றால் முட்டி வலியோடு மெதுவாகச் செய்கிறவரை வேண்டாம் என்பார்களோ? வேலைக்கு இவ்வளவு என்றால் மாடிப்படியை எப்படி அளப்பது? சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைக்கிறேன். அதுவும் ஒரு பதில் ஆகிவிடும் என்பதால் அதற்கும் தைரியமில்லை.

பொம்மைகள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. இந்த வாரம் படி கட்ட வேண்டும். வைத்துவிட்டால் நகர்த்த முடியாது.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் எப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மணியை எண்ணுகிறீர்களா, வேலையை எண்ணுகிறீர்களா? எழுதி ஒட்டிய இடத்தில் கூலி ஏறியதா, நின்றுவிட்டதா? வேலைக்கு வருகிறவரைக் கேட்டுத்தான் முடிவு செய்தீர்களா? முடிந்தால் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரையும் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்னால் கிடைத்தால் உதவியாக இருக்கும்.